ஒலிபெருக்கியின் கீழ் வைத்த எட்டு றப்பர்க் கால்கள்

ஐயா, அம்மையீர்,

திருகோணமலை நகரில் உள்ள உங்கள் கடையில் ஒலிச்சாதனங்கள் விற்கும் இளைஞர்கள் இருவர் அண்மையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகளின் அடியில் வைக்கும் அதிர்வு தாங்கும் கால்கள் இப்போது வெளிநாடுகளிலிருந்து அழகிய பொதிகளில் வருகின்றன. அவை மெய்யாகவே ஒலியை மாற்றுகின்றனவா, அல்லது வாங்கியவரின் மனத்தை மட்டும் மாற்றுகின்றனவா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம். என் அனுபவத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி வேண்டிக்கொண்டார்கள். நான் இசைந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, சம்பூரில் ஒரு வீட்டில் நேர்ந்ததை விட்டுவிட்டு இதுபற்றி ஒரு வரியும் என்னால் எழுத முடியாதென்று கண்டேன். பக்கங்கள் கூடினமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துறைமுகத்தை அண்டியிருந்த கப்பல் திருத்தும் பட்டறை ஒன்றில் முப்பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றேன். முதல் நான்கு ஆண்டுகள் இரும்பு தேய்த்தேன், எண்ணெய் துடைத்தேன், ஏச்சு வாங்கினேன். அதற்கு மேல் அக்காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் ஆண்டில் ஹனீபா நானாவின் கீழ் விடப்பட்டேன்.

நாங்கள் 'நானா', அதாவது அண்ணன், என்று அழைத்த ஹனீபா கிண்ணியாவைச் சேர்ந்தவர். எங்கள் பட்டறையின் போர்மன், வேலைகளை மேற்பார்ப்பவர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. படகுகளிலும் கப்பல்களிலும் மின்பிறப்பாக்கிகளை றப்பர்த் தாங்கிகளின் மேல் இருத்துவது எங்கள் பகுதியின் வேலை. இயந்திரத்தின் நடுக்கம் தளத்துக்குப் போகாமல் இடையில் நின்று வாங்கிக்கொள்வதே அத்தாங்கியின் கடமை. அவர் படகில் ஏறியதும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பார். அடுத்து செருப்பைக் கழற்றுவார். இயந்திரத்தை ஓடவிட்டு, அதன் அருகே வெறுங்காலோடு நிற்பார். பிறகு ஓரடி தள்ளி நிற்பார். பிறகு இன்னும் ஓரடி. இப்படியே நடந்து போய், நடுக்கம் காலுக்குத் தெரியாமல் போகும் இடத்தில் நின்று வெண்கட்டியால் ஒரு கோடு போடுவார். "எங்க போய்ச் சாகுதெண்டு பாரு தம்பி," என்பார். "அதுக்குப் பிறகுதான் றப்பரைப் பத்திக் கதைக்கிறது."

தாங்கிகளைப் பூட்டி முடித்த பின்னர், அவற்றை ஒருமுறை கழற்றச் சொல்லி, வெறும் இரும்பின் மேல் இயந்திரத்தை மீண்டும் ஓடவிடுவார். இரண்டு நிலையையும் கொப்பியில் எழுத வேண்டும். பூட்டியதைக் கழற்றி மறுபடி பூட்டும் இந்த வேலையை நாங்கள் எல்லோரும் வெறுத்தோம்.

"நானா, நல்லாத்தானே இருக்கு. பிறகேன் கழட்டச் சொல்லுறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கலியாணத்துக்கு முதல் பொண்ணப் பாத்தா, கழுவின முகத்தையும் பாக்கணும், கழுவாத முகத்தையும் பாக்கணும். கழட்டு," என்றார். பட்டறையே சிரித்தது. நான் கழற்றினேன்.

ஓய்வு பெற்ற பின் பொழுதுபோக்காக வானொலிகளும் ஒலிபெருக்கிகளும் திருத்தத் தொடங்கினேன். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது, அதைத் தாங்கும் பெட்டியும் ஒரு மயிரிழை அளவு எதிர்ப்புறம் அசைகிறது. பெட்டி நேரே தரையில் நின்றால் அவ்வசைவைத் தரை வாங்கிக்கொண்டு, தானும் ஒரு பெரிய கூம்பாகி ஒலிக்கிறது. அந்த இரண்டாம் ஒலி சற்றுப் பிந்தி வரும். வந்தால் இலேசில் போகாது. மிருதங்கத்தின் ஒரு தட்டு முடியுமுன் அடுத்த தட்டு வந்து அதன்மேல் ஏறிக்கொள்வது இதனால்தான். தகுந்த றப்பரை இடையில் வைத்தால் தரை வாய் மூடும். நான் பழைய இயந்திரத் தாங்கிகளிலிருந்து கால்களை வெட்டி எடுப்பேன். பெட்டியின் பாரத்துக்கு அந்த றப்பர் ஒரு நெருப்புக்குச்சித் தடிப்பளவு அமிழ வேண்டும். சிறிதும் அமிழாத றப்பர் கல்லுக்குச் சமம். முழுதாக நசிந்த றப்பரும் கல்லுக்குச் சமம். இளைஞர்களின் கேள்விக்கு விடை இவ்வளவே: ஓம், ஒலி மாறும்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

சம்பூரில் வசிக்கும் யோகராசா என்னும் வயல் செய்யும் கமக்காரரின் மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத்து நடக்கவிருந்தது. பதிவாளரை வீட்டுக்கு அழைத்து, இரு வீட்டாரும் கூடியிருக்கத் திருமணத்தைப் பதிவு செய்து விருந்து கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கென்று யோகராசாவின் மைத்துனர் சுதன், கனடாவிலிருந்து நெஞ்சு உயரமான இரண்டு ஒலிபெருக்கிகளை அனுப்பியிருந்தார். அவை ஒலித்த விதம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் எட்டு றப்பர்க் கால்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கை கழுவுவதற்காக வீட்டின் பின்புறம் போனேன். குசினிக்குள் இருந்து யோகராசாவின் மனைவி பத்மா எட்டிப் பார்த்தார்.

"ஐயா, அந்தக் கம்பி அடைச்ச பக்கம் போகாதேங்கோ."

வளவின் மூலையில் ஒரு துண்டு நிலம் முட்கம்பியால் அடைக்கப்பட்டிருந்தது. சண்டைக் காலத்தில் அவருடைய மாமனார் ஷெல்லடிக்குப் பயந்து வெட்டிய பதுங்குகுழி அதற்குக் கீழேதான் இருக்கிறது என்றார். ஊரை விட்டு ஓடிப்போய்ப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. எல்லாம் இயந்திரத்தால் தள்ளி மட்டமாக்கப்பட்ட வெறுந்தரையாம். ஒரு புளியமரத்தின் அடிக்கட்டை மட்டும் நின்றிருக்கிறது. அதைக் குறியாக வைத்து அடி அளந்து, பதுங்குகுழி இன்ன இடம் என்று தீர்மானித்து, அந்த இடத்தை அடைத்துவிட்டு, அதற்குத் தூரமாகப் புதிய வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

"கோழி உள்ளுக்குப் போனாலும் நான் பின்னால போகமாட்டன்," என்றார் பத்மா.

முன்மண்டபம் இருபதடிக்குப் பதினான்கடி. சிவப்புச் சீமெந்துத் தரை கண்ணாடிபோல் மினுங்கியது. யோகராசா ஒரு பாட்டைப் போட்டார். மெய்யாகவே கேட்கச் சகிக்கவில்லை.

"அண்டாவுக்குள்ள தலையை விட்டுப் பாடுற மாதிரி இல்லையோ ஐயா?" என்றார் அவர். "கனடாக் காசு முழுக்க அண்டாவுக்குள்ள போட்டுது."

ஒலிபெருக்கியின் அருகில் தரையைத் தொட்டுப் பார்த்தேன். நடுக்கம் இருந்தது. அவ்வளவே எனக்குப் போதுமாயிருந்தது. ஓரடி ஓரடியாகத் தள்ளிப் போய் அது எங்கே சாகிறது என்று நான் பார்க்கவில்லை. சீமெந்துத் தரைதானே, மண்ணின் மேல்தானே கிடக்கிறது என்று எண்ணினேன். முப்பத்தொன்பது ஆண்டுகள் செய்த வேலையை அன்று நான் செய்யாமல் விட்டேன்.

பெட்டிக்கு நான்காக எட்டுக் கால்களையும் வைத்தேன். மீண்டும் அதே பாட்டு. பாடகர் மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. மிருதங்கத்தின் ஒவ்வொரு விரலும் தனித்தனியே கேட்டது. குசினியில் இருந்தவர்கள் அகப்பையோடு வந்து வாசலில் நின்றார்கள். யோகராசா உடனே சுதனைத் முகம் தெரியும்படி தொலைபேசியில் அழைத்துக் கேட்கவைத்தார்.

"அத்தான், கதிரைக் காலுக்குப் போடுற றப்பரைப் போட்டு உங்களை ஏமாத்தியிருக்கினம்," என்று சுதன் அங்கிருந்து சிரித்தார். "கழட்டிப்போட்டு ஒருக்காப் போடுங்கோ. எனக்கு ரெண்டும் கேக்கவேணும்."

ஆகவே கழற்றினேன். பாட்டு மறுபடி அண்டாவுக்குள் போனது. யோகராசா தொலைபேசியை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். நான் வழிவிட்டு விலகி, மண்டபத்தின் நடுவில் வெறுந்தரையில் கையை ஊன்றி உட்கார்ந்தேன்.

என் உள்ளங்கைக்குக் கீழ் தரை துடித்தது.

ஒலிபெருக்கியிலிருந்து அந்த இடம் எட்டடி தூரம். பெட்டியின் அருகில் இருந்ததைவிட அங்கே நடுக்கம் இரண்டு மடங்கு. கையை எடுத்துச் சுவரோரமாக வைத்தேன், அங்கே ஒன்றுமில்லை. மறுபடி நடுவில் வைத்தேன். துடித்தது. கொப்பியை எடுத்து "நடுவில் கூட" என்று எழுதினேன். அதற்குள் சுதன், "ஓம் ஓம், வித்தியாசம்தான். ஐயாவிட்டை மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கால்களைத் திரும்ப வைத்தேன். தரை அடங்கியது. சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன். மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன்.

இதை எழுதும்போதும் எனக்கு விளங்கவில்லை. கையால் தொட்டு அறிந்ததை, கொப்பியில் எழுதியதை, நான் எப்படி வைத்துவிட்டுப் போனேன்?

கிண்ணியாப் பாலத்தின் மேல் பஸ் ஓடும்போது, இருக்கைக் கம்பி நடுங்குவது கைக்குத் தெரிந்தது. அப்போதுதான் கொப்பியை மறுபடி திறந்தேன். மண்ணின் மேல் கிடக்கும் சீமெந்து, ஒலிக்கும் இடத்திலிருந்து விலக விலக அடங்க வேண்டும். எட்டடி தள்ளி இரண்டு மடங்காகத் துடிப்பதற்கு அதற்கு இடம் வேண்டும். கீழே வெறுமை வேண்டும். உடனே யோகராசாவைத் தொலைபேசியில் அழைத்து, தரைக்குக் கீழ் மண் இல்லை என்று சந்தேகப்படுகிறேன் என்றேன்.

"ஐயா, பாட்டு நல்லா இருக்கு. இனி ஒண்டும் செய்யவேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பிப் போனேன். மண்டபத்தின் நடுவில், நான் கையை ஊன்றிய அதே இடத்தில், பதிவாளருக்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். மணமக்களுக்கு இரண்டு கதிரைகள். சுற்றிலும் பாய்கள். அறுபது பேர் வருவார்கள் என்றார்கள். சுவரோரம், சனசமூக நிலையத்தில் இரவல் வாங்கிய சில்வர்க் குவளைகள் அடுக்கியிருந்தன.

யோகராசாவின் முகம் கறுத்தது.

"நேற்று நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போனனீங்கள். இண்டைக்கு வந்து தரை சரியில்லை எண்டுறியள். நாளைக்கு எழுத்து. நல்ல காரியம் நடக்கிற வீட்டில தரையை இடிக்கவோ? மாப்பிள்ளை வீட்டார் காதில விழுந்தா என்ன நினைப்பினம்?"

"இடிக்க வேண்டாம். ஒரு பாட்டு நேரம் மட்டும் தாருங்கோ."

"ஏலாது ஐயா. குறை நினைக்காதேங்கோ."

மணப்பெண் துஷாந்தி குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, விடுங்கோ. அவர் இவ்வளவு தூரம் வந்தவர்," என்றாள். பின்னர் என்னைப் பார்த்து, "என்ன ஐயா வேணும்?" என்றாள்.

"இந்தக் குவளைகள். தண்ணி நிரப்பி."

"சரி. ஆக்கள் குடிக்க முதல் ரம்ளருகள் பாட்டுக் கேக்கட்டும்," என்று சிரித்தாள்.

மேசையைத் தூக்கி முற்றத்தில் வைத்தோம். குவளைகளைத் தரை முழுவதும் வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒன்றரையடி இடைவெளியில் வைத்தோம். ஒலிபெருக்கிகளின் அடியிலிருந்து றப்பர்க் கால்களை உருவி எடுத்தேன். என் கைபேசியில், ஒரே தாழ்ந்த சுருதியில் விடாமல் ஒலிக்கும் ஓசை ஒன்று உண்டு; சோதனைக்கென்று வைத்திருப்பது. அதை ஒலிபெருக்கிகளின் வழியே போட்டேன். கதவால் வந்த வெயில் குவளைகளில் விழுந்தது. தலையைத் தாழ்த்திப் பார்த்தால் எந்தத் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தண்ணீர் நடுங்குகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

பத்மாவின் கையில் வெண்கட்டியைக் கொடுத்தேன். நடுங்கும் குவளையைத் துஷாந்தி எடுக்க, அது இருந்த இடத்தில் தாய் ஒரு புள்ளி வைத்தார். சுவரோரக் குவளைகள் அசையவில்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்துக் குவளைகளில் தண்ணீர் சற்றே நெளிந்தது. நடுவில் இருந்தவற்றில் தண்ணீர் கொதிப்பதுபோல் நடுங்கியது. அவை இருந்த இடங்களில் பத்தொன்பது புள்ளிகள். யோகராசா வாசலில் கைகட்டி நின்றார். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுப் பத்மா நிமிர்ந்து பார்த்தார்.

புள்ளிகள் தரையில் ஒரு நீண்ட பட்டையாகப் போய், முடிவில் ஒரு பக்கம் மடங்கி நின்றன. 'ட' என்னும் எழுத்தின் வடிவம். ஷெல் துண்டுகள் நேரே பாய்ந்து உள்ளே வராதபடி பதுங்குகுழியை அவ்வாறு மடித்து வெட்டுவது இப்பகுதி வழக்கம்.

ஓசை இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. பத்மா வெண்கட்டியைக் கீழே போட்டுவிட்டு, புள்ளிகள் மடங்கிய இடத்தைக் காட்டினார்.

"இது மாமா வெட்டினது," என்றார்.

"அது பின்னுக்கெல்லோ," என்றார் யோகராசா.

"இல்லையப்பா. நீளப் பக்கத்தில நீங்களும் மாமாவும் மற்ற ஆக்களும். இந்தக் குட்டைப் பக்கத்தில நான் இருந்தனான். இவளுக்கு அப்ப மூண்டு வயசு. மடியில வச்சுக்கொண்டு." மகளைப் பார்த்தார். "நீ இப்ப நிக்கிற இடம்."

துஷாந்தி கையில் மூன்று குவளைகளோடு மடிப்பின் நடுவே நின்றுகொண்டிருந்தாள். தன் காலடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னை விட்டுப் போகாது.

யோகராசாவின் குரல் அப்போது முற்றிலும் வேறாக இருந்தது. "ஒருத்தரும் ஓடாதேங்கோ. பிள்ளை, ரம்ளரைக் கீழ வைக்கவேண்டாம். சுவர்ப் பக்கம் வா. மெல்ல. ஐயா, நீங்களும் சுவரோட போங்கோ."

ஒவ்வொருவராகச் சுவரைத் தடவிக்கொண்டு வெளியேறினோம். ஒலிபெருக்கியை நிறுத்துவதற்கு மண்டபத்துக்குள் மறுபடி போக யாருக்கும் கால் எழவில்லை. யோகராசா வெளிச்சுவரில் இருந்த மின்சாரப் பிரதான ஆழியை இழுத்து நிறுத்தினார். வீடு முழுவதும் அமைதியானது. முற்றத்தில் பதிவாளரின் மேசையைப் பிடித்துக்கொண்டு பத்மா நின்றார்.

அன்று மாலை மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார். சகுனம் பற்றி ஏதும் சொல்வாரோ என்று எல்லோரும் அஞ்சினார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படியில் நின்று, வெண்புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். "எழுத்தை எங்கட வீட்டில வைப்பம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கட தரையையும் ஒருக்காப் பாக்கவேணும் ஐயா. எங்களுக்கும் திரும்பி வந்த நேரம் ஒரு மரக்கட்டைதான் குறி," என்றார். அவர் வீட்டுத் தரையை அன்றே பார்த்தேன். திடமாயிருந்தது. எழுத்து அங்கேயே குறைவின்றி நடந்தது.

கிராம சேவகருக்கு அறிவித்ததும், இத்தகைய குழிகளைத் திறக்கத் தெரிந்தவர்கள் வந்து மண்டபத் தரையை வெட்டினார்கள். வெடிக்கும் பொருள் எதுவும் இருக்கவில்லை. இற்றுப்போன மண்மூட்டைகளும், ஒரு பிளாஸ்ரிக் வாளியும், பாய்த் துண்டும் இருந்தன. கூரையாக அடுக்கிய பனங்குற்றிகள் கையால் தொட மாவாக உதிர்ந்தன. நிலத்தை மட்டமாக்கியபோது பலமாக இருந்த அக்குற்றிகள், வீடு எழும்பிய பின்னர் உள்ளிருந்தபடியே உக்கி விழுந்திருக்கின்றன. மேசை போட்டிருந்த இடத்தில் சீமெந்தின் தடிப்பு இரண்டு அங்குலம். அதற்குக் கீழே ஐந்தடி வெறுமை. அத்திவாரம் அந்தக் குழியை ஓரடி தூரத்தில் தப்பிச் சுற்றிப் போயிருந்தது. குறியாகக் கொண்ட புளியங்கட்டை அடுத்த வளவுக்காரருடையது என்பது பின்னர் அளந்தபோது தெரிந்தது. பல ஆண்டுகளாக அந்தக் குடும்பம் வெறும் மண்ணுக்கு முட்கம்பி அடைத்துக் காவல் காத்துவிட்டு, குழியின் மேல் பாய் விரித்துப் படுத்திருக்கிறது.

அந்த வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த அண்டாச் சத்தம் ஒன்றுதான். அதை வெள்ளிக்கிழமை முற்பகல் நான் நிறுத்தினேன். நன்றாக நிறுத்தினேன், பாராட்டும் பெற்றேன். சனிக்கிழமை காலை வரை அந்தத் தரையின் மேல் பதினொரு பேர் நடமாடினார்கள்.

குழியைக் கல்லும் மண்ணும் இட்டு இறுக்கி, தரையைப் புதிதாகப் போட்ட பின், ஒலிபெருக்கிகளைத் திரும்ப வைக்க என்னை அழைத்தார்கள். இப்போது தரை திடமானது. ஓரடி ஓரடியாக நடந்து, நடுக்கம் மூன்றாம் அடியில் சாவதைப் பார்த்துவிட்டே றப்பர்க் கால்களைக் கையில் எடுத்தேன். பத்மா என்னைத் தடுத்தார்.

"வேண்டாம் ஐயா. சத்தம் கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை. தரை ஏதும் சொன்னா எனக்குக் கேக்கவேணும்."

எட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஐயா, அம்மையீர், இந்தக் கால்களை விற்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வைப்பதற்கு முன், வெறுந்தரையில் ஒருமுறை ஒலிக்கவிட்டு, வெறுங்காலோடு அந்த அறையை நடந்து பார்க்கும்படி வாங்குவோரிடம் சொல்லுங்கள். இக்குறிப்பைக் கடையில் ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருக்குமாறும், கேட்பவர்களுக்கு வாசிக்கக் கொடுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.